கோடு நடந்த பாதை – 9: தாளில் படமெடுத்த சுத்தேயெவ்

சென்ற அத்தியாயத்தை ஸ்தாரெவிச் ரஷ்யாவை விட்டுப் போனதோடு நிறுத்தியிருந்தோம். செத்த வண்டுகளின் கால்களில் கம்பி கட்டி, பிரேம் பிரேமாக அசைத்து, 1912-இல் ‘காமிராக்காரரின் பழி’ எடுத்தவர் அவர். புரட்சிக்குப் பின் பிரான்ஸில் குடியேறிவிட்டார். அவர் கைவித்தையும் அவரோடு போய்விட்டது. அதனால் 1920-களின் முற்பாதியில் மாஸ்கோ இளைஞர்கள் அனிமேஷனை அரிச்சுவடியிலிருந்து தாங்களே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1924-இல் ஜீகா வெர்த்தோவ் ‘சோவியத் பொம்மைகள்’ எடுத்தார். அதே ஆண்டு நிக்கொலாய் ஹதத்தாயெவ், ஸெனோன் கமிசாரென்கோ, யூரி மெர்க்கூலவ் மூவரும் சேர்ந்து ‘கோள்களுக்கிடையே புரட்சி’ எடுத்தார்கள். இந்த மூவரும் மாஸ்கோ அரசுத் திரைப்படப் பள்ளியில் ஒரு சிறு பட்டறையை நடத்தினார்கள். அந்தப் பட்டறைக்குள் வந்து சேர்ந்த மாணவர்களில் ஒருவர்தான் இந்த அத்தியாயத்தின் நாயகர், விளாதிமீர் கிரிகோரியெவிச் சுத்தேயெவ்.

சுத்தேயெவின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் முதல் பாதி சினிமா, பிற்பாதி குழந்தைப் புத்தகம் என்று இரண்டு கூறாக்கிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்டூடியோ வேலையை உதறிய பிறகும் அவர் படம் எடுப்பதை விடவில்லை. பிலிமில் எடுத்ததைத் தாளில் எடுத்தார், அவ்வளவுதான். அவருடைய புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதை இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகக் காட்ட ஆசைப்படுகிறேன். அதற்கு முன் அவர் வந்த வழியைப் பார்த்துவிடுவோம்.

1903 ஜூலை 5 அன்று மாஸ்கோவில் பிறந்தார். அப்பா மருத்துவர், ஆனால் கலைகளில் ஊறியவர். பாடுவார், வரைவார். சின்ன விளாதிமீரும் அவனுடைய சகோதரனும் ஆளுக்கொரு படம் வரைந்துகொண்டு அப்பாவிடம் ஓடுவார்கள். அவர் பார்த்து மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண்தான் அவருக்குக் கிடைத்த முதல் ஓவியப் பாடம்.

அவருக்குப் பதினான்கு வயதாகும்போது புரட்சி வந்தது. பிள்ளைப் பருவம் அதோடு முடிந்தது. கண்காட்சிகளுக்கு விளக்கப்படம் வரைந்தார்; விளையாட்டுப் போட்டியில் வென்றவர்களுக்குச் சான்றிதழ் எழுதி அலங்கரித்தார்; செஞ்சேனையின் முதலுதவிப் படையில் பணியாளாக இருந்தார்; பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராகவும் இருந்தார். இந்தக் கடைசி வேலையை வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. ஓடுகிற பையன் எந்தக் காலில் எடையைப் போடுகிறான், குதிப்பதற்கு முன் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, பயந்தவனின் தோள் எங்கே போகிறது என்றெல்லாம் நாள்தோறும் கண்ணெதிரே பார்க்கக் கிடைக்கும் வேலை அது. அனிமேஷன்காரனுக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்?

பௌமன் பெயரிலான உயர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். மனம் அங்கே ஒட்டவில்லை. திரைப்படப் பள்ளிக்கு மாறி, அங்கே 1928-இல் படிப்பை முடித்தார். படிக்கும்போதே பத்திரிகைகளுக்கு வரைந்தார். ‘பியோனெர்’, ‘முர்ஸீல்க்கா’, ‘பியோனெர்ஸ்கயா பிராவ்தா’ என்று குழந்தைகளுக்கான இதழ்கள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். கார்ட்டூன் வரைபவனுக்கு ஒரே சதுரத்துக்குள் முன்கதை, சம்பவம், விளைவு மூன்றையும் அடைக்கத் தெரிய வேண்டும். அந்தச் சிக்கனத்தை அவர் பத்திரிகையில்தான் கற்றார்.

1925-இல் பட்டறையிலிருந்து ‘சீனா தீப்பற்றி எரிகிறது’ வெளிவந்தது. ஏகாதிபத்தியத்துக்கு எதிராகச் சீன மக்கள் எழுந்ததை ஆதரித்து எடுத்த பிரசாரப் படம். பிலிம் நீளம் ஆயிரம் மீட்டருக்கும் மேல். உலகமே ஐந்து நிமிட, பத்து நிமிடக் கார்ட்டூன்கள் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் கூட்டம் இவ்வளவு நீளத்துக்குப் போனது. அட்டையில் உருவங்களை வெட்டி, மூட்டு மூட்டாக இணைத்து, மேலிருந்து பார்க்கும் காமிராவின் கீழே படுக்கப் போட்டு, இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடித்தார்கள். அந்தக் குழுவில் சுத்தேயெவோடு இருந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: இவான் இவானோவ்-வானோ, வாலென்தீனா, ஸினயீதா பிரும்பெர்க் சகோதரிகள். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு சோவியத் அனிமேஷனின் தூண்களாக நின்றவர்கள் பலரும் அந்த ஒரு மேசையைச் சுற்றித்தான் இருந்தார்கள்.

படத்துக்கு ஒலி வந்தது. சாலையைக் கடக்கும் முறையைச் சொல்லும் ‘தெருவுக்குக் குறுக்கே’ என்ற படத்தை 1931-இல் சுத்தேயெவ் இயக்கினார். சோவியத் நாட்டில் ஒலியோடு பிறந்த முதல் கார்ட்டூன் படங்களில் அதுவும் ஒன்று.

அதற்குப் பின் தொழிலின் முகமே மாறியது. நியூயார்க்கில் சோவியத் திரைப்பட வணிக நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய விக்தர் ஸ்மிர்னோவ், அமெரிக்க ஸ்டூடியோக்களின் முறையை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். 1935-இல் மாஸ்கோவில் நடந்த திரைப்பட விழாவில் டிஸ்னியின் ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ உள்ளிட்ட படங்கள் காட்டப்பட்டு, பரிசும் பெற்றன. மறு ஆண்டு, 1936 ஜூன் 10 அன்று, மாஸ்கோவில் சிதறிக் கிடந்த சிறு பட்டறைகளை ஒன்றாக்கி ஓர் அரசு ஸ்டூடியோ தொடங்கினார்கள். 1937-இல் அதன் பெயர் ‘சயூஸ்முல்த்ஃபில்ம்’ ஆனது. சுத்தேயெவ் அங்கே தொடக்கத்திலிருந்தே இயக்குநர்.

அந்த ஸ்டூடியோவின் வேலை முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, பின்னால் உதவும். ஒரு விநாடிக்கு 24 பிரேம். பத்து நிமிடப் படமென்றால் 14,400 பிரேம். முதன்மை ஓவியர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். கை ஓங்குவது ஒன்று, கை இறங்கியது ஒன்று. நடுவிலுள்ள நிலைகளை வேறொருவர் நிரப்புவார். இன்னொருவர் அதைச் செல்லுலாய்டுத் தாளில் மையால் படியெடுப்பார். மற்றொருவர் பின்பக்கத்தில் வண்ணம் பூசுவார். பின்னணி ஒரே ஓவியம்தான். அதன் மேல் செல்லுலாய்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் படம் பிடிப்பார்கள். செல்லுலாய்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் படம் முடிந்ததும் அவற்றைக் கழுவி அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். இலட்சக்கணக்கான ஓவியங்கள் இப்படித் தண்ணீரோடு போயின.

இந்த முறையில் பெரும்பாடுபட வேண்டியவை நடுவிலுள்ள ஓவியங்கள். கதையைச் சுமப்பவையோ அந்தச் சில முக்கிய நிலைகள். எந்த நிலையைத் தேர்ந்தெடுத்தால் மற்றவற்றைப் பார்ப்பவனின் கண்ணே ஊகித்துக்கொள்ளும் என்று தெரிந்தவனே தேர்ந்த ஓவியன். சுத்தேயெவ் அதில் கைதேர்ந்தவர். ‘அமளிதுமளியான கடற்பயணம்’ 1937-இல் வந்தது. காண்டாமிருகத்தின் தோல் ஏன் மடிப்பு மடிப்பாக இருக்கிறது என்ற கிப்ளிங் கதை மறு ஆண்டு வந்தது. குழந்தைக் கவிஞர் மிகல்கோவின் புகழ்பெற்ற நெட்டை மாமா ‘தியாத்யா ஸ்த்யோப்பா’வையும் லாமிஸ் பிரெதிஸுடன் சேர்ந்து அந்த ஆண்டுகளிலேயே திரைக்குக் கொண்டுவந்தார்.

1941. கர்னேய் சுக்கோவ்ஸ்கியின் குழந்தைப் பாடலைக் கொண்டு ‘மூஹா-த்சக்கதூஹா’ என்ற படத்தைச் சுத்தேயெவ் எடுத்துக்கொண்டிருந்தார். ஓர் ஈ விருந்து வைக்கிறது. சிலந்தி வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. விருந்தாளிகள் எல்லோரும் பயந்து ஒளிந்துகொள்ள, ஒரு சின்னக் கொசு வாளோடு வந்து காப்பாற்றுகிறது. படத்தின் வேலை முடிந்த சூட்டோடு, ஜூன் 22 அன்று ஜெர்மன் படை எல்லை தாண்டியது. சுத்தேயெவ் சில நாட்களுக்குள் போர்முனைக்குப் போய்விட்டார். ஸ்டூடியோவை சமர்கந்துக்கு இடம் மாற்றினார்கள். அவர் போரை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். இடையில் கொஞ்ச காலம் ராணுவப் பயிற்சிப் படங்களும் எடுத்தார். அந்த நான்கு ஆண்டுகள் அவருடைய புத்தகங்களில் எங்கேயும் நேரடியாக இல்லை. ஆனால் மழைக்கு ஒதுங்க இடம் கேட்டு வருகிற குருவியையும், துரத்தப்பட்டு ஓடி வருகிற முயலையும் அவர் பின்னாளில் வரைந்தபோது, இந்த மனிதர் எங்கிருந்து வந்தவர் என்பதை என்னால் மறக்க முடிவதில்லை.

போர் முடிந்து ஸ்டூடியோவுக்குத் திரும்பினார். ஆனால் நெடுநாள் தங்கவில்லை. 1940-களின் கடைசியில் விலகிவிட்டார். காரணமாகப் பரவலாகச் சொல்லப்படுவது ஒரு காதல். அதே ஸ்டூடியோவில் அனிமேஷன் ஓவியராக இருந்த தத்தியானா தாரனோவிச் மீது அவருக்குத் தீராத அன்பு. தத்தியானாவுக்குக் குடும்பம் இருந்தது, இவருக்கும் இருந்தது. அன்றாடம் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்ல முடியாமல், பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பதைவிட விலகிப் போவது மேல் என்று முடிவு செய்தார். இதன் மிச்சக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

விலகியவர் போய்ச் சேர்ந்த இடம் ‘தெத்கீஸ்’, அதாவது அரசுக் குழந்தை இலக்கியப் பதிப்பகம். அப்போது குழந்தைப் புத்தக ஓவியத்தின் நிலைமை என்ன? 1920-களில் லெனின்கிராதில் ஓவியர் விளாதிமீர் லேபெதெவும் கவிஞர் சமுயீல் மர்ஷாக்கும் சேர்ந்து உலகமே திரும்பிப் பார்த்த புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். தட்டை வண்ணங்கள், வெறும் வெள்ளைத் தாள், ஒரு மூலையில் நடனமாடும் உருவம் என்று புதிய மொழி ஒன்றை உண்டாக்கினார்கள். 1936 மார்ச் 1 அன்று ‘பிராவ்தா’ நாளேடு இத்தகைய ஓவியர்களைத் தாளை அழுக்காக்குகிறவர்கள் என்று திட்டிக் கட்டுரை வெளியிட்டது. லேபெதெவ் உடைந்துபோனார், அதற்கப்புறம் பழைய துணிச்சல் அவர் தூரிகைக்குத் திரும்பவே இல்லை. எல்லோரும் பத்திரமான பாதைக்கு வந்தார்கள்: முயலென்றால் நிஜ முயல், கரடியென்றால் நிஜக் கரடி, ஒவ்வொரு மயிரும் தெரிய வேண்டும். அழகான புத்தகங்கள் அப்போதும் வந்தன. ஆனால் அவற்றில் சிரிப்பு குறைந்துவிட்டது.

இந்தச் சூழலில், 1952-இல், சுத்தேயெவ் தாமே எழுதி தாமே வரைந்த முதல் புத்தகம் வெளிவந்தது: ‘பென்சிலும் வண்ணங்களும் – இரண்டு கதைகள்’. அப்போது அவருக்கு 49 வயது. பிறருடைய கதைகளை இருபது ஆண்டுகளாகப் படமாக்கிக்கொண்டிருந்தவர் சொந்தமாகக் கதை சொல்லத் தொடங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் ‘லித்தெராத்தூர்னயா கஸேத்தா’ இதழில் சுக்கோவ்ஸ்கி அந்தப் புத்தகத்தை வரவேற்று எழுதினார். அப்போது சுக்கோவ்ஸ்கிக்கு எழுபது வயது. குழந்தை இலக்கியத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவருடைய ஈயைத் திரையில் பறக்கவிட்டவரைப் பதினோரு ஆண்டு கழித்து அவரே கைபிடித்து வாசலுக்குள் அழைத்துக்கொண்டார்.

இப்போது புத்தகத்தைத் திறப்போம்.

எலிக்குஞ்சும் பென்சிலும் கதை. எலிக்குஞ்சு ஒரு பென்சிலைக் கவ்விக்கொண்டு வளைக்குள் போகிறது. கடித்துக் குதறப் போகிறது. பென்சில் கெஞ்சுகிறது: கடைசியாக ஒரே ஒரு படம் வரைந்துகொள்கிறேன், அப்புறம் உன் இஷ்டம். எலி சம்மதிக்கிறது. பென்சில் ஒரு வட்டம் போடுகிறது. எலி பார்த்துப் பாலாடைக் கட்டி என்கிறது. வட்டத்துக்குள் சின்னச் சின்ன வட்டங்கள். அவை பாலாடைக் கட்டியின் ஓட்டைகளாம். இன்னொரு பெரிய வட்டம், அது ஆப்பிளாம். அடுத்து நீளநீளமாகச் சில உருவங்கள். எலிக்கு நாக்கில் நீர் ஊறுகிறது, அவை இறைச்சிக் குழல்களாம். அதற்குமேல் இரண்டு முக்கோணம் ஏறியதும் எலி அலறுகிறது. தாளில் உட்கார்ந்திருப்பது பூனை! எலி ஓட்டம் எடுக்கிறது.

இந்தக் கதையின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படம் அப்படியே இருக்கிறது. கூடவே ஒரே ஒரு கோடு, அல்லது ஒரே ஒரு வடிவம் சேர்கிறது. ஸ்டூடியோவில் காமிராவுக்குக் கீழே செல்லுலாய்டு மேல் செல்லுலாய்டாக அடுக்கியது இதே மாதிரிதான். எலி நம்மைப்போலவே படத்தைத் தப்பாகப் படித்துக்கொண்டே வருகிறது. குழந்தைக்கு எந்த இடத்தில் உண்மை தெரிகிறதோ அதற்கு அடுத்த கணத்தில்தான் எலிக்குத் தெரியும்படி அந்த முக்கோணங்களைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார். முதலிலேயே காதை வரைந்திருந்தால் கதை அங்கேயே செத்துவிடும். அதோடு முடியவில்லை: கதை முடிந்தபோது, பூனை வரைவது எப்படி என்ற பாடமும் படிப்படியாகக் குழந்தை கைக்கு வந்துவிட்டது. கதைக்கு உள்ளேயே ஓவிய வகுப்பை இவ்வளவு சுலபமாக வைத்த வேறொரு புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

‘காளானுக்கு அடியில்’ இன்னும் ஒரு படி மேலே. மழை கொட்டுகிறது. ஓர் எறும்பு குட்டிக் காளான் ஒன்றின் அடியில் ஒதுங்குகிறது. நனைந்த வண்ணத்துப்பூச்சி வருகிறது. இடமில்லையே என்று எறும்பு தயங்கி, நெருக்கிக்கொண்டு சேர்த்துக்கொள்கிறது. சுண்டெலி வருகிறது. சிட்டுக்குருவி வருகிறது. நரி துரத்த முயல் ஓடி வருகிறது, நடுவில் ஒளித்துவைக்கிறார்கள். நரி முகர்ந்து பார்த்துவிட்டு, இத்தனை சின்ன இடத்தில் முயலாவது இருப்பதாவது என்று போய்விடுகிறது. மழை விடுகிறது. முதலில் எனக்கே இடம் போதவில்லையே, இப்போது ஐந்து பேருக்கு எப்படிக் கிடைத்தது என்று எறும்பு கேட்க, காளானின் தலையில் உட்கார்ந்திருந்த தவளை சிரிக்கிறது. விடையைத் தவளை சொல்லாமலே போய்விடுகிறது; கதை கேட்கும் குழந்தைகள்தான் சொல்ல வேண்டும். மழையில் காளான் வளரும் என்பது காட்டோரத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இந்தக் கதைக்குக் காமிரா நகரவே கூடாது. நகர்ந்தால் காளான் வளர்வது தெரியாது. கிட்டே போய் எறும்பின் முகத்தைக் காட்டலாம், மேலிருந்து காட்டைக் காட்டலாம் என்று வேறு ஓவியனுக்கு ஆசை வந்திருக்கும். சுத்தேயெவ் அதே இடத்தில், அதே உயரத்தில், காளானுக்கு நேரெதிரே நின்றுவிட்டார். ஆட்கள் வருகிறார்கள், மழைக் கோடுகள் விழுகின்றன, குடை சத்தமில்லாமல் அகலமாகிறது. வாய்விட்டுப் படித்துக்காட்டும் அம்மா கவனிக்கும் முன்பே, மடியில் உட்கார்ந்து படம் பார்க்கும் பிள்ளை கண்டுபிடித்துவிடும். எழுத்து ஒளித்துவைப்பதைப் படம் காட்டிக்கொடுக்கிறது. எழுதுகிறவரும் வரைகிறவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் இதைச் செய்ய முடியும். ஒருவர் எழுதி மற்றவர் வரைந்தால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்லிவிடுவார்.

வாத்துக்குஞ்சும் கோழிக்குஞ்சும் கதையில் எழுத்தே இருபது முப்பது வரிதான். வாத்துக்குஞ்சு செய்வதையெல்லாம் கோழிக்குஞ்சும் செய்கிறது: முட்டையிலிருந்து வருகிறது, நடக்கிறது, மண்ணைக் கிளறுகிறது, பட்டாம்பூச்சி பிடிக்கிறது. நீந்தவும் இறங்குகிறது. மூழ்குகிறது. வாத்துக்குஞ்சு கரையேற்றுகிறது. மறுபடியும் நீந்தப் போகிறேன் என்று வாத்துக்குஞ்சு கிளம்ப, இந்தத் தடவை கோழிக்குஞ்சு வரவில்லை என்கிறது. இரண்டும் ஒரே அளவிலான மஞ்சள் உருண்டைகள். அலகையும் காலையும் மட்டும் கொஞ்சம் மாற்றி, கழுத்துச் சாய்வை ஒரு பாகை கூட்டிக் குறைத்து, ஒன்று முன்னோடி மற்றது பின்தொடர்வது என்று காட்டிவிடுகிறார். பழைய உடற்பயிற்சி ஆசிரியரின் கண் வேலை செய்வது இங்கேதான்.

புத்தகங்களிலிருந்து திரைக்கும் திரையிலிருந்து புத்தகத்துக்கும் கதைகள் போய்வந்துகொண்டே இருந்தன. ஸ்டூடியோவுக்குள் உட்காராவிட்டாலும் திரைக்கதை எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. புத்தாண்டு மரம் கேட்டுக் குழந்தைகள் எழுதிய கடிதத்தைப் பனிமனிதன் எடுத்துச் செல்லும் கதையை 1955-இல் லியனீத் அமால்ரிக் படமாக்கினார். 1958-இல் வந்த ‘பேத்யாவும் சிவப்புக் குல்லாயும்’ எனக்கு மிகவும் பிடித்தது. பயனியர் சிறுவன் ஒருவன் கார்ட்டூன் படத்துக்குள்ளேயே போய் விழுந்துவிடுகிறான்; கதை எப்படி முடியும் என்று அவனுக்கு முன்பே தெரியும் என்பதால் ஓநாய்க்கு முந்திக்கொண்டு பாட்டி வீட்டுக்கு ஓடுகிறான். திரைக்கு முன்னாலும் பின்னாலும் வாழ்ந்த ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும். ‘மியாவ் சொன்னது யார்?’ 1962-இல் பொம்மைப் படமானது. ‘ஒரு மூட்டை ஆப்பிள்’ 1974-இல் வந்தது.

பிறர் நூல்களுக்கும் நிறைய வரைந்தார். சுக்கோவ்ஸ்கியின் மருத்துவர் அய்பொலீத், மர்ஷாக், மிகல்கோவ், அக்னியா பார்த்தோ பாடல்கள், இத்தாலியர் ஜான்னி ரொதாரியின் வெங்காயப் பையன் சிப்பொல்லீனோ, பத்து வரை எண்ணத் தெரிந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிய நார்வேக் கதை என்று பட்டியல் நீளும். 1956-இல் இவான் செம்யோனவ் ‘விஸ்யோலியெ கர்த்தீன்கி’ என்ற படக்கதை மாத இதழைத் தொடங்கியபோது அதிலும் வரைந்தார். இவற்றில் பல நல்ல வேலைகள். ஆனாலும் சொந்தக் கதைகளில் இருக்கும் அந்தக் கணக்கு, எந்தக் கோட்டை எந்தப் பக்கத்துக்கு ஒத்திவைப்பது என்ற கணக்கு, இவற்றில் இருக்க வழியில்லை.

அவர் மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு: டிஸ்னியைப் பார்த்து வரைந்தவர் என்று. உருண்டைத் தலை, பெரிய கண், நான்கு விரல் கை, இவற்றைப் பார்த்தால் மறுக்க முடியாது; 1930-களின் ஸ்டூடியோவில் கை பழகியவர் அப்படித்தான் வரைவார். லேபெதெவின் பக்கத்தில் வைத்தால் சுத்தேயெவின் கோடு பழைமையானது என்றுகூடச் சொல்வேன். ஆனால் டிஸ்னியின் கதாபாத்திரம் எந்நேரமும் துள்ளிக்கொண்டே இருக்கும். சுத்தேயெவின் முள்ளம்பன்றியும் முயலும் நின்று யோசிக்கின்றன. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே அவை யோசிப்பதற்கு அவர் நேரம் விட்டிருக்கிறார். ‘குட்டிக் கப்பல்’ கதையில் தவளை நீரில் குதித்துவிட்டு, நீந்தத் தெரியாத மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. அவர்கள் கூடி யோசிக்கிறார்கள். கோழிக்குஞ்சு ஓர் இலை, எலிக்குஞ்சு ஒரு வாதுமைக் கொட்டை ஓடு, எறும்பு ஒரு வைக்கோல், வண்டு ஒரு நூல். நான்கும் சேர்ந்து பாய்மரக் கப்பல் ஆகிறது. அந்த நான்கு பொருளையும் எந்தக் குழந்தையும் தன் வீட்டு வாசலில் தேடி எடுத்துவிடும். மறுநாள் கப்பல் செய்துவிடும். டிஸ்னி படம் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கை தட்டும். சுத்தேயெவ் புத்தகம் பார்த்துவிட்டுக் கையில் எதையாவது எடுக்கும். இந்த வித்தியாசம் எனக்குப் பெரிது.

எல்லை தாண்டி அவர் கதைகள் போன விதம் தனி. மிர்ரா கின்ஸ்பர்க் என்ற மொழிபெயர்ப்பாளர் அமெரிக்காவில் இவற்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்: கோழிக்குஞ்சு கதை 1972-இல், காளான் கதை 1974-இல். ஆனால் படங்களை ஹோஸே அருவேகோ போன்ற அமெரிக்க ஓவியர்கள் புதிதாக வரைந்தார்கள். அந்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கதைகளை அறிவார்கள். அவற்றை முதலில் வரைந்த கையை அறிய மாட்டார்கள். வரைந்தவரின் படம் இல்லாமலேயே கதை பிழைத்தது என்பது அவர் எழுத்தின் பலத்துக்குச் சான்று. என்றாலும் எனக்கு அது வருத்தமே. நம்மவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய பலர், மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் மலிவு விலைக்குக் கிடைத்த சோவியத் குழந்தை நூல்களோடு வளர்ந்தவர்கள். அங்கே கதையும் படமும் பிரியாமல் நம் கைக்கு வந்தன. அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

தத்தியானாவின் கதையைச் சொல்வதாகச் சொன்னேன். ஸ்டூடியோவை விட்டு விலகியும் அன்பு விலகவில்லை. அவருக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். இப்படி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிப்போயின. சுத்தேயெவின் மனைவி காலமானார், தத்தியானாவும் தனியானார். 1983-இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். மணமகனுக்கு எண்பது வயது. பத்து ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1993 மார்ச் 8 அன்று சுத்தேயெவ் மாஸ்கோவில் காலமானார். அவர் கதைகளின் தொகுப்பு ‘கதைகளும் படங்களும்’ ரஷ்யாவில் இன்றும் அச்சில் இருக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில் ‘விஸ்யோலியெ கர்த்தீன்கி’யில் சுத்தேயெவோடு வரைந்த இன்னொருவரைப் பார்ப்போம். ‘க்ரக்கதீல்’ இதழின் முன்னணிக் கார்ட்டூனிஸ்ட்டாக இருந்து, 1940-இல் ஒரு கேலிச்சித்திரத்துக்காகக் கைதாகி, எட்டு ஆண்டுகள் சிறைமுகாமில் கிடந்து, 1954-இல்தான் மாஸ்கோ திரும்பிய கன்ஸ்தந்தீன் ரோத்தவ். அதற்குள், பழைய சோவியத் படப்புத்தகங்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் இறக்கித் தூசி தட்டி வையுங்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

(தொடரும்)